திமிங்கில தரிசனம்



என் இளமைப் பருவத்தில், வெளியூரிலிருந்து சென்னைக்கு வருகிறவர்கள் இரண்டு காலேஜ்களைப் பார்க்காமல் ஊர் திரும்புவதில்லை. அங்கே சேர்ந்து பட்டம் வாங்குவதற்காக அல்ல. ஒன்று உயிர்க் காலேஜ். மற்றொன்று செத்த காலேஜ். மிருகக்காட்சி சாலைக்கும் எழும்பூர் அருங்காட்சியகத்துக்கும் நம் ஜனங்கள் இட்டு வழங்கிய பெயர்கள் அவை. இவ்வளவு பொருத்தமான பெயர்களை எந்தப் பண்டிதர் குழுவும் ஆக்கித் தந்திருக்க முடியாது.

செத்த காலேஜில் ஒரு திமிங்கிலத்தின் எலும்புக்கூடு இருக்கிறது. என் தகப்பனார் என் கையைப் பிடித்துக்கொண்டு அதன் அருகே நின்று, "இது மீன் இல்லையடா, நம்மைப் போல மூச்சு விடுகிற பிராணி" என்றார். அப்படியானால் மூக்கு எங்கே என்று தேடினேன். அந்த நீண்ட மண்டையோட்டில் ஏழு வயதுப் பையனுக்கு மூக்கு அகப்படவில்லை. அதற்குள் பின்னால் வந்த கூட்டம் எங்களைத் தள்ளிக்கொண்டு போய்விட்டது. உயர்நிலைப் பள்ளியில் முப்பது ஆண்டு இயற்கை விஞ்ஞானம் போதித்தேன். திமிங்கிலத்தின் மூக்கு தலையின் உச்சியில் இருக்கிறது என்று முப்பது வகுப்புகளுக்குக் கரும்பலகையில் வரைந்தும் காட்டினேன். ஆனால் அது மூச்சு விடுவதை நான் நேரில் கண்டது 2023-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில்தான். அதற்காக நான் போன இடம் இலங்கை.

வானொலி நிலையத்தார் எனக்கு அளித்திருப்பது பதினைந்து நிமிஷம். ஒரு நீலத் திமிங்கிலம் ஒரு தடவை முழுகி எழுவதற்கே சில சமயம் அவ்வளவு நேரம் பிடித்துவிடும். ஆகையால் கொஞ்சம் பொறுமையோடு கேட்க வேண்டுகிறேன்.

நீலத் திமிங்கிலம் என்றதும் பனிக்கட்டிகள் மிதக்கும் தென்துருவக் கடல்தான் நம் நினைவுக்கு வருகிறது. அதில் பிழையில்லை. அந்தக் கடலில்தான் மிகப் பெரியவை வாழ்கின்றன. முப்பது மீட்டர் நீளத்தையும் எட்டுவதுண்டு. எடை 150 டன்வரை போகும். முப்பது யானைகளைத் தராசின் மறு தட்டில் நிறுத்தினால் ஒருவாறு சரியாக இருக்கும். இந்த உலகத்தில் இதுவரை தோன்றிய பிராணிகளுள் இதனினும் கனமானது இருந்ததாக உறுதியாகச் சொல்வதற்கில்லை. இவ்வளவு பெரிய சரீரத்தை வளர்ப்பது என்ன ஆகாரம் என்று கேட்டால், விரல் நீளங்கூட இல்லாத சென்னாகுனி போன்ற பூச்சிகள்! கோடிக்கணக்கில் திரண்டிருக்கும் அந்தக் கூட்டத்தை நீரோடு வாய்கொள்ள வாரி, நீரை மட்டும் வடிகட்டி வெளியே தள்ளிவிட்டு விழுங்குகிறது. வாயில் பல் கிடையாது. சீப்புப் போன்ற வடிகட்டியே இருக்கிறது.

பொதுவாக நீலத் திமிங்கிலங்கள் குளிர்ந்த கடலில் உண்டு கொழுத்து, வெப்பமான கடலுக்கு வந்து குட்டி போட்டுத் திரும்பும் யாத்திரைக்காரர்கள். இலங்கைக் கடலில் உள்ளவை அப்படி அல்ல. உருவத்தில் சற்றுச் சிறியவை. ஆயினும் இருபது மீட்டருக்கு மேற்பட்டவை. சிறியவை என்பதை அந்த அளவில் வைத்துப் புரிந்துகொள்ள வேண்டும். இவை துருவத்துக்குப் போவதில்லை. வெப்பக் கடலிலேயே உண்டு, வெப்பக் கடலிலேயே ஈன்று வாழ்கின்றன. இதை உலகம் தெளிவாக உணர்ந்த வரலாறு வேடிக்கையானது. 2003-ஆம் ஆண்டு, ஆஷா டி வோஸ் என்னும் இலங்கைப் பெண்மணி, அப்போது இளம் மாணவி, ஓர் ஆராய்ச்சிக் கப்பலில் சென்றுகொண்டிருந்தார். இலங்கைக்கு அருகே திமிங்கிலங்கள் கூடியிருக்கும் இடத்தில் நீரின்மேல் செந்நிறமாக ஏதோ மிதப்பதைக் கண்டார். அது திமிங்கிலத்தின் சாணம். வானொலியில் இந்தச் சொல்லைச் சொல்லலாமோ, கூடாதோ. வேறு சொல் எனக்குத் தெரியவில்லை. உண்ணாத பிராணி சாணமிடாது அல்லவா? அப்படியானால் இவை இங்கேயே உண்கின்றன என்று அவர் ஊகித்தார். வீட்டுக் கொல்லையில் மாடு கட்டி வளர்த்த எந்தப் பாட்டியும் செய்யக்கூடிய ஊகந்தான். ஆனால் அந்த இடத்தில், அந்த நேரத்தில், அதைச் செய்தவர் அவரே. பின்னர் அவர் அந்தத் திமிங்கிலங்களின் ஆராய்ச்சிக்கே தம் வாழ்நாளை ஒப்படைத்துவிட்டார்.

இலங்கையின் தென்கோடியில் தேவேந்திரமுனை என்றோர் இடம் உண்டு. பழைய நாளில் தொண்டீச்சரம் என்ற சிவாலயம் இருந்து, 1588-இல் போர்த்துக்கீசியரால் இடிக்கப்பட்ட ஊர் அதுதான். இப்போது அங்கே ஓர் உயரமான வெளிச்ச வீடு நிற்கிறது. அதன் அடியில் நின்று நேர் தெற்கே பார்த்தால், தென்துருவக் கண்டம் வரையில் குறுக்கே ஒரு பிடி மண் கிடையாது, எல்லாம் நீர். கரையை விட்டுச் சில மைல் போவதற்குள் கடலடித் தரை திடீரென்று இறங்கி, ஆழம் நூற்றுக்கணக்கான மீட்டராகப் பெருகிவிடுகிறது. பருவக் காற்றுகள் ஆழத்து நீரின் சத்தைக் கலக்கி மேலே கொண்டுவருகின்றன. சத்துள்ள இடத்தில் பூச்சி. பூச்சியுள்ள இடத்தில் திமிங்கிலம். ஆகையினால்தான், உலகத்தின் வேறு பல இடங்களில் பல நாள் கப்பலேறிப் போய்ப் பார்க்க வேண்டியதை, இங்கே காலைப் பலகாரத்துக்கும் மத்தியானச் சாப்பாட்டுக்கும் இடையில் பார்த்துவிட்டுத் திரும்பலாம் என்கிறார்கள். தேவேந்திரமுனைக்கு மேற்கே சில மைலில் உள்ள மிரிஸ்ஸ என்ற மீன்பிடித் துறைமுகத்திலிருந்து, மார்கழி முதல் சித்திரை வரையில், இதற்கென்றே படகுகள் புறப்படுகின்றன.

என் மாப்பிள்ளை கொழும்பில் உத்தியோகம் பார்க்கிறார். அவருக்குத் தெரிந்த ஒரு தமிழ் ஆசிரியர், மாத்தறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், சிங்களம் தாய்மொழி போலப் பேசுவார். அவர் என்னை மிரிஸ்ஸவுக்கு அழைத்துப் போனார். விடியற்காலை ஆறரை மணிக்குப் படகு. இரண்டு தட்டுள்ள படகில் நாங்கள் முப்பது பேர் இருந்தோம். ஆளுக்கொரு மிதவைச் சட்டை மாட்டினார்கள். வாந்தி வராமலிருக்க மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரை என் விஷயத்தில் பயன்படவில்லை என்பதைத் தவிர அதைப்பற்றி அதிகம் சொல்லாமலிருப்பது நல்லது.

சுமார் எட்டரை மணிக்கு ஒரு பையன் கையை நீட்டிக் கூவினான். தூரத்தில் கடலின்மேல் வெண்புகைக் கம்பம் ஒன்று எழுந்து, சற்றே நின்று, கலைந்தது. திமிங்கிலம் தலையிலிருந்து தண்ணீரைப் பீச்சுவதாக நாம் படம் போடுகிறோம். அது தண்ணீர் அல்ல, மூச்சு. உள்ளே சூடேறிய காற்று வேகமாக வெளிப்படும்போது பனிப்புகைபோல் கண்ணுக்குத் தெரிகிறது. ஒன்பது மீட்டர் உயரம் வரையில் எழும். தகப்பனார் காட்டிய மூச்சு இதுதான் என்று நான் எழுந்து நின்றுவிட்டேன்.

இனி நடந்ததைச் சொல்வது எனக்குப் பெருமை தருவதல்ல. ஆனாலும் அதைச் சொல்லத்தான் இங்கே வந்தேன்.

எங்கள் படகு தூரத்திலேயே வேகத்தைக் குறைத்தது. 100 மீட்டருக்குள் நெருங்கலாகாது என்று 2012-இல் இலங்கை அரசாங்கம் விதித்திருக்கிறதென்று படகோட்டி சொன்னார். எனக்கோ பொறுக்கவில்லை. நூறு மீட்டர் என்றால் ஒரு கால்பந்து மைதானத்தின் நீளம். என் கண்ணாடிக்கு அது எட்டாது. நண்பரை விட்டுச் சொல்லச் சொன்னேன்: "எனக்கு எழுபது வயதாகிறது. மறுபடி நான் இங்கே வரப்போகிறேனா? கொஞ்சம் பக்கத்தில் விடச் சொல்லுங்கள்." நண்பர் தயங்கினார். நானே போய்ப் படகோட்டியின் கையில் சில நோட்டுகளைத் திணித்தேன். அவர் என்னையும் நோட்டுகளையும் பார்த்தார். அதற்கு முந்திய 2022-ஆம் ஆண்டில் அந்த நாட்டில் எரிபொருள் கிடைக்காமல் ஜனங்கள் பட்ட பாடு நீங்கள் பத்திரிகையில் படித்திருப்பீர்கள். பயணிகளும் இல்லாமல், எண்ணெயும் இல்லாமல் துறைமுகத்தில் முடங்கிக் கிடந்த படகு அது. மறுக்கும் நிலையில் அவர் இல்லை. இயந்திரம் உறுமிற்று.

நாங்கள் போவதைக் கண்டு மற்றப் படகுகளும் பாய்ந்தன. ஐந்து படகுகள் சேர்ந்துவிட்டன. கடல்நீரின் கீழே வெளிறிய நீலப் பட்டுப்போல ஒன்று நகர்ந்தது. நகர்ந்தது, நகர்ந்தது, முடிவே இல்லாமல் நகர்ந்தது. பிறகு முதுகு தெரிந்தது. ஒரு மூச்சு. எல்லாரும் கைதட்டினார்கள். இன்னொரு மூச்சு. ஒரு படகு குறுக்கே திரும்பியது. அவ்வளவுதான். முதுகு ஒருபுறம் சாய்ந்து, வாலைக்கூடத் தூக்காமல், அப்படியே அமிழ்ந்துவிட்டது. அரைமணி நேரம் தேடியும் காணவில்லை. நான் எடுத்த படத்தில் நுரையும், பக்கத்துப் படகிலிருந்த ஒரு வெள்ளைக்காரரின் தொப்பியும் நன்றாக விழுந்திருக்கின்றன.

கரைக்கு வந்தபின், தேநீர்க் கடையில் நண்பரிடம் படகோட்டி ஏதோ மெதுவாகச் சொன்னார். என்னவென்று கேட்டேன். நண்பருக்குச் சொல்ல மனமில்லை. பிறகு சொன்னார்: "மாஸ்டர், அது மேலே வந்தால் எட்டு, பத்து மூச்சு எடுத்துக்கொண்டுதான் கீழே போகுமாம். இன்றைக்கு இரண்டே மூச்சோடு போய்விட்டதாம்."

அன்று இரவு எனக்கு உறக்கம் பிடிக்கவில்லை. நான் பாடம் சொன்னவன். எனக்குக் கணக்குத் தெரியும். நீலத் திமிங்கிலத்தின் இதயத் துடிப்பைக் கலிபோர்னியாக் கடலில் ஒரு கருவியை ஒட்டி அளந்து 2019-இல் வெளியிட்டிருக்கிறார்கள். ஆழத்தில் இரை தேடும்போது நிமிஷத்துக்கு இரண்டு துடிப்பு வரையில் குறைந்துவிடுகிறது. அவ்வளவு சிக்கனமாகப் பிராணனைச் செலவு செய்கிறது. மேலே வந்ததும் முப்பதுக்கு மேல் துடிக்கிறது. பட்ட கடனை அடைத்து, அடுத்த முழுக்குக்குச் சேமிக்கும் நேரம் அது. அந்தச் சில நிமிஷங்களில்தான் நாம் அதைப் பார்க்கிறோம். அதாவது, சாப்பிட உட்கார்ந்தவனின் இலைக்கு முன்னால் போய் நின்றுகொண்டு, அவனைப் பார்க்க வந்ததாகச் சொல்கிறோம்.

நான் ஈட்டி எறியவில்லையே என்று மனம் சமாதானம் சொல்லப் பார்த்தது. ஈட்டி எறிந்த காலமும் நெடுநாளைக்கு முந்தியது அல்ல. வெடிகுண்டு பொருத்திய ஈட்டி பத்தொன்பதாம் நூற்றாண்டில் நார்வேயில் உருவாகும் வரையில், நீலத் திமிங்கிலத்தின் வேகத்துக்கும் பலத்துக்கும் மனிதன் ஈடுகொடுக்க முடிந்ததில்லை. பிறகு நடந்தது சங்காரம். 1930-31 பருவத்தில் மட்டும், தென்துருவக் கடலில் சுமார் 29,000 நீலத் திமிங்கிலங்களைக் கொன்றார்கள். இருபதாம் நூற்றாண்டில் தென்பாதி உலகத்தில் மடிந்தவை மூன்றரை லட்சத்துக்கு மேல். எல்லாம் எண்ணெய்க்காக, விளக்கெண்ணெய், சோப்பு, செயற்கை வெண்ணெய் என்று ஆயிற்று. 1966-இல் நீலத் திமிங்கில வேட்டையைச் சர்வதேசச் சங்கம் அடியோடு தடுத்தது. அப்படியும் அந்த ஆண்டுகளில் சோவியத் கப்பல்கள் நம் அரபிக் கடற் பக்கத்திலேயே ஆயிரத்துக்கு மேற்பட்டவற்றைக் கள்ளமாகக் கொன்றது பின்னால் வெளிவந்தது. 1979-இல் இந்துமகா சமுத்திரம் முழுவதையும் திமிங்கிலங்களின் புகலிடமாக அறிவித்தார்கள்.

இப்போது ஈட்டி இல்லை. ஆனால் கப்பல் இருக்கிறது. சிங்கப்பூரிலிருந்து சூயஸ் கால்வாய்க்குப் போகும் கப்பல்களெல்லாம் தேவேந்திரமுனையைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். உலகத்தின் மிக நெருக்கமான கப்பல் பாதைகளுள் அது ஒன்று. அது செல்வதோ திமிங்கிலங்கள் இரை தேடும் அதே ஆழத்து விளிம்பின்மேல். மேலே வந்து மூச்சு வாங்குகிறபோது கப்பலின் முகப்பு மோதுகிறது. மாலுமிகளுக்குத் தெரிவதுகூட இல்லை. 2012-இல் கொழும்புத் துறைமுகத்துக்குள் நுழைந்த ஒரு சரக்குக் கப்பலின் மூக்கில், இறந்துபோன நீலத் திமிங்கிலம் ஒன்று மாலைபோலத் தொங்கிக்கொண்டு வந்தது. அந்தப் பாதையைத் தெற்கே 15 கடல் மைல் தள்ளிவைத்தால் மோதும் அபாயம் நூற்றுக்கு 95 பங்கு குறையும் என்று ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். 2022-இல் எம்.எஸ்.ஸி. என்ற பெரிய கப்பல் கம்பெனி தன் கப்பல்களைத் தெற்கே விலக்கி ஓட்ட முற்பட்டது. சில மணி நேரமும் கொஞ்சம் எண்ணெயும் அதற்குச் செலவு. நானோ கால்பந்து மைதானத்தின் நீளத்துக்குள் நுழையப் பணம் கொடுத்தவன்.

இரண்டு நாள் கழித்து, மறுபடியும் போக வேண்டுமென்று நண்பரிடம் சொன்னேன். மறுபடி வரப்போகிறேனா என்று கேட்ட வாய் அது! நண்பர் சிரிக்கவில்லை. வேறு ஒரு படகோட்டியைப் பார்த்து ஏற்பாடு செய்தார். ஐம்பது வயதிருக்கும் அவருக்கு. முன்பு சூரை மீன் பிடித்தவர். பன்னிரண்டு பேருக்குமேல் ஏற்ற மாட்டார். நெருங்கச் சொல்கிறவர்களையும் ஏற்ற மாட்டாராம். சட்டைப் பையில் எண்ணெய்க் கறை படிந்த ஒரு நோட்டு வைத்திருந்தார். எந்த இடம், எத்தனை மணி, எத்தனை மூச்சு, வாலின் ஓரத்தில் என்ன வடு என்று அதில் எழுதியிருந்தது. ஒவ்வொரு திமிங்கிலத்தின் வாலும் ஒவ்வொரு மாதிரி, நம் கைரேகைபோல. இலங்கைக் கடலில் உள்ளவை முழுகும்போது வாலை அடிக்கடி மேலே தூக்குவதால் இந்த வேலை சுலபமாகிறது.

அவர் திமிங்கிலத்தைத் துரத்தவில்லை. புகைக் கம்பத்தைக் கண்டதும், அது எந்தத் திசையில் போகிறது என்று பார்த்தார். பக்கவாட்டில் வெகு தூரம் ஒதுங்கிப் போய் இயந்திரத்தை நிறுத்திவிட்டார். பிறகு ஒன்றும் செய்யவில்லை. படகு தொட்டில்போல ஆடிற்று. பறவை மீன்கள் துள்ளித் துள்ளிப் பறந்தன. ஓங்கில் கூட்டம் ஒன்று எங்களை எட்டிப் பார்த்துவிட்டுப் போயிற்று. எனக்கு மறுபடியும் வயிற்றைக் கலக்கியது. இந்த நிலையில் கால் மணி நேரம் சும்மா இருப்பது எவ்வளவு நீளம் என்பது அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

முதலில் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை, காதுக்குத்தான் கேட்டது. கொல்லன் பட்டறையில் பெரிய துருத்தியை ஒரே மூச்சில் அமுக்கினால் எப்படியிருக்கும்? அந்த ஓசை. இயந்திரம் உறுமிய அன்றைக்கு எனக்கு இது கேட்கவேயில்லை. திரும்பிப் பார்த்தேன். வெண்கம்பம் நின்றது. அதன் கீழே சாம்பல் கலந்த நீல முதுகு. தலையின் உச்சியில் இரண்டு துளைகள் திறந்து மூடுவதைத் தொலைநோக்கியில் கண்டேன். அறுபது ஆண்டுகளுக்கு முன் எலும்பில் தேடிய மூக்கு அங்கே இருந்தது. அது எங்களைப் பொருட்படுத்தவே இல்லை. ஏறத்தாழ இருபது விநாடிக்கு ஒரு தடவையாக மூச்சு விட்டுக்கொண்டு, தன் பாட்டில் போயிற்று. காற்று எங்கள் பக்கம் வீசியபோது லேசாகக் கருவாட்டு வாடை வந்தது. வேறொரு சமயத்தில் முகத்தைச் சுளித்திருப்பேன்.

இந்தப் பிராணியின் குரலை உங்களுக்குக் கேட்கச் செய்யலாமே என்று நிலையத்து நண்பர் ஒருவர் கேட்டார். அதன் பெரும்பகுதி மனிதக் காதுக்கு எட்டாத தாழ்ந்த சுருதியில் இருக்கிறது. வானொலிப் பெட்டிக்கும் அது எட்டாது. நீருக்குள் அந்தக் குரல் நூற்றுக்கணக்கான மைல் போகும். கப்பல்களின் இரைச்சலும் அதே தாழ்ந்த சுருதியில்தான் இருக்கிறது. சந்தை இரைச்சலில் தெருக்கோடியிலிருந்து ஒருவரையொருவர் கூப்பிடுகிறவர்களின் நிலைமை அவற்றுக்கு.

பத்து மூச்சு எண்ணினேன். பதினோராவது மூச்சுக்குப் பிறகு முதுகு வில்லாக வளைந்தது. வால் எழுந்தது. நீர் வழிய வழியச் சிறிது நேரம் ஆகாயத்தில் நின்று, ஓசையில்லாமல் உள்ளே போயிற்று. யாரும் கைதட்டவில்லை. நீரின்மேல் எண்ணெய் படர்ந்தாற்போல ஒரு வழவழப்பான வட்டம் மட்டும் மிஞ்சியது.

படகோட்டி எழுதிக்கொண்டிருந்தவர், நிமிர்ந்து கிழக்கே பார்த்தார். சரக்குப் பெட்டிகளை மாடி மாடியாக அடுக்கிய ஒரு கப்பல் வந்துகொண்டிருந்தது. திமிங்கிலம் போனது தெற்கே. இரண்டு வழியும் எங்கே வெட்டிக்கொள்ளும் என்று பார்க்கக் கணக்கு வாத்தியார் வேண்டியதில்லை. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நண்பர் என்னைப் பார்த்தார். ஐந்து நிமிஷம் ஆயிற்று. கப்பல் எங்களுக்கு நேராக வந்தது. அதன் அதிர்வு படகின் பலகையில் காலுக்குத் தெரிந்தது. எட்டு நிமிஷம். கப்பல் கடந்தது. அதன் அலைகள் வந்து எங்களை ஆட்டிவிட்டு ஓய்ந்தன. பத்து நிமிஷம்; ஒன்றுமில்லை. பன்னிரண்டு நிமிஷம். படகில் ஒரு குழந்தை தண்ணீர் கேட்டது. அதன் தாய் ஜாடை காட்டி அடக்கினாள். யாருக்கு வேண்டிக்கொண்டோம் என்று நாங்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை.

பதின்மூன்றாவது நிமிஷத்தில், கப்பல் விட்டுச் சென்ற நுரைப் பாதைக்கு அப்பால், வெகு தூரத்தில், வெண்கம்பம் ஒன்று எழுந்தது.

"மாத்தயா, எண்ணுங்கள்" என்றார் படகோட்டி. அவருக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான் என்று நினைக்கிறேன். ஒன்பது வரையில் எண்ணினேன். அதற்குமேல் அலை மறைத்துவிட்டது. அவர் நோட்டில் ஒன்பது என்று எழுதிக்கொண்டு இயந்திரத்தை முடுக்கினார்.